இரைச்சலை நிறுத்தியவள்

எங்கள் குழுவில் பேஸ் கித்தார் வாசித்தவளை எல்லோரும் தூண் என்றுதான் கூப்பிட்டோம். பெயர் வைத்தது அவளுடைய தம்பி. மேடையில் ஏறினால் கடைசிப் பாட்டு முடியும்வரை ஓரடி நகரமாட்டாள். தலைகூட ஆடாது. இடது கை மட்டும் கித்தாரின் கழுத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். "எங்கக்கா மேல கூரையே போடலாம்ங்க, அசையமாட்டா" என்று அவன் மைக்கில் சொல்வான். கூட்டம் சிரிக்கும். அவள் சிரிக்கமாட்டாள். அடுத்த பாட்டில் எங்காவது ஓரிடத்தில் அவன் எதிர்பார்க்காத சுரத்தைக் கீழே இறக்கி, அவனை அரைத் தாளம் தடுமாற வைப்பாள்.

நான் கித்தார். சுமாராக வாசிப்பேன். பகலில் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறேன் என்பதால் குழுவிலும் எனக்கு 'சார்' என்றுதான் பெயர். டிரம்ஸ் வாசித்தவர் கடைத்தெருவில் சலூன் வைத்திருந்தார். தம்பி செருப்புக்கடையில் விற்பனையாள். உள்ளே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்து அளவு சொல்லிவிடுவான். பாட்டு அவனுக்குப் பேச்சு மாதிரி வந்தது. எங்கள் நால்வரில் நிஜமான திறமை இருந்தது அக்காவுக்கும் தம்பிக்கும்தான். மற்ற இரண்டு பேரும் அவர்களோடு ஒட்டிக்கொண்டோம்.

தூண் வாஷிங் மெஷின் மெக்கானிக். பட்டறையில் ஆறு ஆண்கள், அவள் ஒருத்தி. வீடு வீடாகப் போய் மெஷினைத் திறந்து சரி செய்துவிட்டுக் கிளம்பும்போது, ஒரு வீடு விடாமல் ஒரே வார்த்தையைச் சொல்வாள்: "எர்த் இருக்கான்னு பாத்துக்கங்க. எர்த் இல்லாத பிளக்குல மட்டும் போடாதீங்க." பட்டறைக்காரர்கள் அதற்காகவே அவளைக் கிண்டல் செய்வார்கள்.

கருவி விஷயத்தில் அவளுக்குத் தீர்மானமான கருத்துகள் உண்டு. ஐந்து கம்பி பேஸ் வாங்கச் சொல்லிக் கடைக்காரர் ஒருவர் மல்லுக்கட்டியபோது, "நாலையே இன்னும் முழுசா வாசிச்சு முடிக்கலங்க" என்று வந்துவிட்டாள். கம்பிகள் மேற்பரப்பு வழவழப்பான தட்டை வகை. ஏழு வருடமாக மாற்றவில்லை. புதுக் கம்பி கணீரென்று ஒலிக்கும், அது அவளுக்குப் பிடிக்காது. "பேஸ் தனியா கேக்கக் கூடாது சார். நிறுத்தினா மட்டும் ஏதோ காணாமப் போன மாதிரி தெரியணும்" என்பாள்.

அவளிடம் முதலில் இருந்தது ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப். ஒரு கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிடலாம். சின்ன அறைகளில் ஒழுங்காகக் கேட்டது. பெரிய மண்டபங்களில் சலூன்காரர் காலால் பெரிய டிரம்மை மிதித்தாரென்றால் அவள் வாசிப்பது மொத்தமும் அதற்குள் போய் விழுந்துவிடும். சத்தத்தைக் கூட்டினால் ஆம்ப் தொண்டை கட்டியவன் போல உளறும். இரண்டு வருடம் பொறுத்தாள்.

பிறகு, மூடிப்போன ஒரு நடனக் கூடத்தின் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவள், ஒரு பழைய வால்வு ஆம்ப்பைக் கொண்டுவந்தாள். பெட்டி மாதிரி இருந்தது. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அதற்குரிய ஸ்பீக்கரைத் தூக்க மூன்று பேர். தம்பி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு ஓட்டுரிமை இருக்கும் போலிருக்கே" என்றான்.

இரண்டு மாதம் அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தாள். வால்வுகளை மாற்றினாள், உலர்ந்துபோன கண்டென்சர்களை மாற்றினாள், விட்டுப்போன ஈயப் பற்றுகளை மறுபடி வைத்தாள். கரண்ட் வரும் வாயிலில், மெயின் லைனுக்கும் இரும்புக் கூட்டுக்கும் நடுவே, சின்னதாக ஒரு கண்டென்சர் இருந்தது. சோதித்துப் பார்த்தாள், நன்றாக இருந்தது. என்றைக்காவது கெட்டாலும் எர்த் இருக்கிறவரை ஃபியூஸ்தான் போகும் என்று அதை அப்படியே விட்டாள். இதை அவளே பின்னால் நீதிமன்றத்தில் சொன்னாள். அதனால்தான் எனக்கும் தெரியும்.

முதல் முறை அதில் அவள் வாசித்தபோது சத்தம் காதுக்கு வருவதற்கு முன் முழங்காலுக்கு வந்தது. சலூன்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "ஏம்மா, இத்தன நாளா இத எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்று கேட்டார். அன்றுதான் நாங்கள் ஒரு குழு ஆனோம் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு கூப்பிடுகிற இடங்கள் கூடின. கடைசிப் பாட்டுக்கு ஒரு வித்தையும் சேர்ந்தது: பாட்டு உச்சத்தில் இருக்கும்போது தம்பி பாடிக்கொண்டே அக்காவிடம் வருவான், அவள் வாசிக்கும் கித்தாரின் கழுத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடிப்பான். கம்பிகள் சட்டென அடங்கும். அதே நொடியில் நாங்கள் எல்லோரும் நிறுத்துவோம். முழு மண்டபமும் மூச்சைப் பிடிக்கும். மூன்று எண்ணுகிற நேரம். பிறகு அவன் கையை எடுத்ததும் மொத்தமும் மறுபடி வெடிக்கும்.

ஒரே ஒரு குறை, இரைச்சல். எல்லாச் சத்தத்தையும் சேர்த்துக் கலக்கும் மைக்செட்காரர்களின் மிக்சருக்கு அவள் ஆம்ப்பிலிருந்து ஒரு ஒயர் போகும். அதைச் செருகியவுடன் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல் கிளம்பும். ஆம்ப்புக்கு ஒரு எர்த், மிக்சருக்கு ஒரு எர்த், இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுவதால் வருவது அது என்று அவள் விளக்கினாள். நடுவில் வைக்க ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, சொல்லி வைத்திருக்கிறேன், வரும் என்றாள்.

மெதுவான பாட்டுகளை அந்த உறுமல் பாழாக்கியது. ஒரு நாள் நிகழ்ச்சிக்கு முன் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்த இரைச்சலோட நான் வாசிக்க முடியாது. ரயில் எஞ்சின் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு."

"பெட்டி வந்துடும் சார்."

"வர்றப்ப வரட்டும். இன்னிக்கு என்ன பண்றது?"

அவள் என் கையில் டார்ச்சைக் கொடுத்தாள். பிறகு பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து, மேடைக்குப் பின்னால் மண்டியிட்டு, ஆம்ப்பின் பிளக்கைத் திருப்பினாள். இருட்டாக இருந்தது. டார்ச் பிடித்தது நான்தான். மூன்று முனைகளில் எர்த் முனையை வெட்டி எடுத்தாள்.

"இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்" என்றாள்.

உறுமல் போய்விட்டது. துடைத்த மாதிரி. நான் அவள் தோளில் தட்டி, "இத முன்னாடியே செஞ்சிருக்கலாமே" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன எல்லா வார்த்தைகளிலும் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் இதைத்தான் எடுப்பேன்.

பெட்டி இரண்டு மாதம் கழித்து வந்தது. "வர்ற ஞாயித்துக்கிழம பிளக்க மாத்திடறேன்" என்றாள். அந்த ஞாயிறு நிகழ்ச்சி இருந்தது. அடுத்த ஞாயிறு தம்பி மகளுக்குக் காய்ச்சல். இரைச்சல்தான் இல்லையே என்று யாரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. பெட்டி அவள் அலமாரியில், பிரிக்காத காகிதத்தோடு இருந்தது. ஒரு முறை தம்பி கித்தார் கழுத்தைப் பிடித்தவன் கையை உதறிக்கொண்டு, "சுருக்குங்குது. கித்தாருக்கு என்மேல கோவமாக்கா?" என்று கேட்டான். சிரித்தோம். அவளும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது மிகக் கொஞ்சம், அதில் அதுவும் ஒன்று.

எர்த் முனையை வெட்டி எட்டு மாதம் கழித்து, ஒரு நூல் ஆலைத் தொழிலாளர்களின் ஆண்டு விழா. மத்தியான நேரம். குழந்தைகள் முன் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பியின் மனைவி மருந்துக்கடையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, ஏழு வயது மகளோடு மூன்றாவது வரிசையில் இருந்தாள். மைக்செட்காரர் எங்களுக்குப் புதியவர், நடு வயது, பதற்றமான மனிதர். அவருடைய மிக்சரில் ஒயர் செருகும் ஒரு வழி வேலை செய்யவில்லை. "உங்க ஆம்ப்புலேருந்து ஒயர் வேணாம்மா, ஸ்பீக்கர் முன்னாடி ஒரு மைக் வச்சுக்கறேன்" என்றார். தூண் சரி என்றாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எட்டு மாதமும் எங்களைக் காப்பாற்றியது அந்த ஒயர்தான். ஆம்ப்பின் இரும்புக் கூட்டில் கசிந்த கரண்ட் அதன் வழியாக மிக்சரின் எர்த்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வெட்டிய முனையின் வேலையை அது சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. அன்றைக்கு அதுவும் இல்லை. வாயிலில் இருந்த அந்தச் சின்னக் கண்டென்சர் எப்போதோ கெட்டிருந்தது. கூட்டிலிருந்து கித்தார் ஒயர் வழியாகக் கம்பிகள்வரை கரண்ட் வந்து நின்றது. தூணுக்கு எதுவும் தெரியவில்லை. பட்டறையில் போடும் தடித்த ரப்பர் காலணி போட்டிருந்தாள், வேறெதையும் தொடவில்லை.

கடைசிப் பாட்டு. தம்பி வலது கையில், மிக்சரின் எர்த்தோடு இணைந்திருந்த இரும்பு மைக்கோடு வந்தான், இடது கையால் கழுத்தை இறுக்கிப் பிடித்தான். கம்பிகள் அடங்கின. நாங்கள் நிறுத்தினோம்.

மூன்று எண்ணினேன். அவன் எடுக்கவில்லை. நான்கு, ஐந்து. கூடுதலாக இழுக்கிறான் என்று நினைத்தேன். முகத்தைக் கோணிக்கொண்டு உடம்பை விறைத்து நின்றான். அவன் அப்படியெல்லாம் செய்பவன்தான். குழந்தைகள் சிரித்தார்கள். யாரோ கைதட்டினார்கள்.

தூணுக்குத்தான் முதலில் புரிந்தது. அவனைத் தொடவில்லை. கித்தாரில் செருகியிருந்த ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். அவன் அப்படியே விழுந்தான். கைதட்டல் இன்னும் நிற்கவில்லை. அவள் அவன் நெஞ்சின் மேல் கைகளை வைத்து அழுத்தத் தொடங்கினாள், எண்ணிக்கொண்டே, தாளம் தவறாமல். ஆம்புலன்ஸ் வருகிறவரை நிறுத்தவில்லை. வந்தவர்கள் அவளை இழுத்து எடுக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போதே உயிர் இல்லை என்றார்கள்.

நான் மண்டபத்திலேயே நின்றுவிட்டேன். சலூன்காரர்தான் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார். ஏற்றும்போது பிளக்கைப் பார்த்திருக்கிறார். என்னிடம் மெல்ல, "சார், இந்த ஆம்ப்ப உங்க வீட்டு ஷெட்டுல போடுங்க. யாருகிட்டயும் பேச வேணாம். அந்தப் பொண்ணு தாங்காது" என்றார். நான் வண்டியை என் வீட்டுக்கு ஓட்டினேன்.

மறுநாள் மண்டபத்துக்கு வந்த மின் ஆய்வாளர் மைக்செட்காரரின் நீட்டு ஒயரில் டேப் சுற்றிய ஒரு பழைய ஒட்டைக் கண்டுபிடித்தார். அது போதுமானதாக இருந்தது. மைக்செட்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சாமான்களையும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்பதாம் நாள் காலையில் தூண் என் வீட்டுக்கு வந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது. இத்தனை நாளும் தம்பி வீட்டில்தான் இருந்திருக்கிறாள். தம்பி மனைவி அன்று காலையில் அவளிடம், "அந்த மைக்செட்காரன் ஜெயில்லயே சாகணும்க்கா. அவனுக்கும் புள்ளைங்க இருக்காம். இருக்கட்டும், அதுங்களும் அழட்டும்" என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டாள்.

"ஆம்ப் எங்க சார்?"

ஷெட்டைத் திறந்துவிட்டேன். பிளக்கைச் செருகி, டெஸ்டரை இரும்புக் கூட்டின் மேல் வைத்தாள். டெஸ்டரின் சின்ன விளக்கு எரிந்தது. கூட்டில் கரண்ட் இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு எழுந்தாள்.

"நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."

"தூண், கொஞ்சம் யோசி. நீ சொன்னா அவன் திரும்பி வரப் போறதில்ல."

"அவன் வரமாட்டான். மைக்செட்காரர் வீட்டுக்குத் திரும்பி வரணும்ல?"

கொஞ்ச நேரம் கழித்து, டார்ச் பிடித்தது நான், வற்புறுத்தியது நான், நானும் வருகிறேன் என்றேன். உடனே சொல்லவில்லை. உண்மையை எழுத வேண்டும்: அவள் ஆம்ப்பைத் தூக்க ஆள் கேட்டுத் தெருவுக்குப் போய் வந்த பிறகுதான் சொன்னேன்.

"வெட்டினது என் கை. வேலை தெரிஞ்ச கை. உங்களுக்கு அதப் பத்தி என்ன தெரியும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஸ்டேஷனில் என் பேச்சை அவள் எடுக்கவேயில்லை. நானாகப் போய்ச் சொன்னபோது எழுதிக்கொண்டார்கள். வழக்கில் அதற்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை.

மைக்செட்காரர் வெளியே வந்த மறுநாள் அவள் அவர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"பத்து நாள் உள்ள இருந்தேம்மா. என் ஒயருல என்ன தப்புன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். நான்தான் கொன்னேன்னு நானே நம்பிட்டேன்" என்றார். பிறகு, "நல்லா இருங்க" என்று கதவைச் சாத்தினார். வாழ்த்தா வசவா என்று தெரியவில்லை.

தம்பி மனைவியிடம் விஷயத்தைத் தூணே போய்ச் சொன்னாள். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. பல மாதம் கழித்து அவளாகவே கொஞ்சம் சொன்னாள். தம்பி மனைவி அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "சொல்லி உங்க பாரத்த நீங்க இறக்கி வச்சிட்டீங்கக்கா. எனக்குத் திட்டறதுக்கு ஒரு வெளியாள் இருந்தான். அவனையும் எடுத்துக்கிட்டீங்க" என்றாளாம். அதோடு பேச்சு நின்றது. மகளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுப் பக்கம் குடி மாறிவிட்டாள்.

வழக்கு இரண்டு வருடம் இழுத்தது. நீதிபதி ஒரு இடத்தில் கேட்டார்: "இரைச்சலைச் சரிசெய்ய ஒரு பெட்டி வாங்கியதாகச் சொல்கிறீர்கள். அது எங்கே இருந்தது?"

"என் அலமாரியிலங்க."

"எவ்வளவு நாளாக?"

"ஆறு மாசமாங்க."

வேறு எதுவும் கேட்கவில்லை. தீர்ப்பு, கவனக்குறைவால் உயிரிழப்பு. நாலு மாதம் உள்ளே இருந்தாள். ஆம்ப்பை மறைத்ததற்காக எனக்கும் சலூன்காரருக்கும் அபராதம். அவர் அவளை மன்னிக்கவில்லை. "உனக்காகத்தானேம்மா மறைச்சேன்" என்று நீதிமன்ற வராந்தாவில் கேட்டுவிட்டுப் போனவர், அதன் பிறகு டிரம்ஸ் குச்சியையே தொடவில்லை.

வெளியே வந்தவளைப் பட்டறை முதலாளி திரும்பச் சேர்த்துக்கொண்டார். "வேல உள்ளயே பாரும்மா. வீடுகளுக்குப் பசங்க போகட்டும்" என்றார். சரி என்றாள். எர்த் பற்றி அவள் யாருக்கும் இப்போது சொல்வதில்லை. சொல்ல வீடுகளும் இல்லை.

ஒரு வருடம் கித்தாரைத் திறக்கவில்லை. பிறகு ஒரு நாள் என்னிடம் வந்து, "எங்கயாவது வாசிக்க இடம் இருக்கா சார்? ஆம்ப் வேணாம்" என்றாள். எனக்குத் தெரிந்த ஒரு ஓட்டலில் ஞாயிறு மத்தியானம் சாப்பிடுகிறவர்களுக்காக மூன்று பேர் வாசிக்கிறோம். நான், ஒரு கீபோர்டுக்காரர், அவள். பாட்டு கிடையாது, பாடகர் வேண்டாம் என்பது அவள் நிபந்தனை. கித்தாரிலிருந்து அந்தச் சின்னப் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து நேராக மிக்சருக்கு. சத்தம் கூரையில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்களில் மெலிதாக வரும். பாதிப் பேர் கவனிக்கமாட்டார்கள். கரண்டிகள் தட்டுகளில் மோதுகிற சத்தம் அதைவிடப் பெரிது. அவள் அதே மாதிரி அசையாமல் நிற்கிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, வாசித்து முடித்து ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தோம். ஒரு சிறுமி நேராக வந்து நின்றாள். பதினோரு, பன்னிரண்டு வயது இருக்கும். தம்பியின் கண். ஓட்டல் வாசலில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தம்பி மனைவி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

"அத்த, அப்பா எப்படிச் செத்தாரு?"

தூண் ஒயரைக் கீழே வைத்தாள். "அம்மா சொல்லலையா?"

"கேட்டேன். அத்தய போய்க் கேளு, அவங்க பொய் சொல்லமாட்டாங்கன்னு சொன்னாங்க."

நான் எழுந்து போகப் பார்த்தேன். தூண் இருக்கச் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தையை எதிரில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். இரைச்சல், வெட்டிய முனை, அலமாரியில் இருந்த பெட்டி, அந்த மூன்று எண்ணிக்கை. பெரியவர்களிடம் சொல்வது போலவே சொன்னாள். தன்னைத் திட்டிக்கொள்ளவும் இல்லை, அழவும் இல்லை. சிறுமி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"அப்பாவுக்கு வலிச்சிருக்குமா?"

"கொஞ்ச நேரம் வலிச்சிருக்கும். எவ்ளோ நேரம்னு எனக்குத் தெரியாது."

சிறுமி தலையாட்டினாள். சுவரில் சாய்த்து வைத்திருந்த கித்தாரைப் பார்த்தாள். தொடவில்லை.

"அப்புறமும் ஏன் வாசிக்கிறீங்க?"

தூணும் கித்தாரைப் பார்த்தாள்.

"வாசிக்காம ஒரு வருஷம் இருந்து பாத்தேன். அப்ப இன்னும் மோசமா இருந்துச்சு" என்றாள். "அவ்வளவுதான் தெரியும்."

"இத அம்மாகிட்ட சொல்லலாமா?"

"எல்லாத்தையும் சொல்லு."

சிறுமி போனாள். கண்ணாடிக்கு வெளியே அம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். தம்பி மனைவி குனிந்து கேட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தின் பக்கம் நடந்து போனார்கள். ஓட்டல் பையன்கள் மேசைகளைத் துடைக்கத் தொடங்கியிருந்தார்கள். தூண் நாற்காலியை விட்டு எழவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.